மிச்சமிருந்த யூனிட்டுகள்

நம் வயதுக்காரர்களில் நீங்கள் யாராவது ஆளில்லாத அறையில் விசிறி ஓடுவதைப் பார்த்துவிட்டு அணைக்காமல் வந்திருக்கிறீர்களா? என்னால் முடியாது. என் மருமகள் இதைக் கஞ்சத்தனம் என்று நினைக்கிறாள், வெளியே சொல்வதில்லை. நானும் விளக்கம் சொல்வதில்லை. கரண்ட் பில் இப்போது கைப்பேசியில் வந்து விழுகிறது. அதைப் பார்த்ததும் என் மகன், "இந்தத் தடவை ஏன் இவ்வளவு?" என்று பொதுவாகக் கேட்பான். அப்போது நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். அந்தக் கேள்விக்கு வீட்டில் யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் இன்றைக்கும் முடிவதில்லை.

நான் எட்டாவது படித்த வருஷம். எங்கள் வீடு கூத்தாநல்லூரில், முன்கட்டும் முற்றமும் பின்கட்டுமாக நீண்டு கிடக்கும் பழைய வீடு. அத்தா, அம்மா, நான், தம்பிகள் இருவர். பின்கட்டில் முற்றத்தைப் பார்த்த அறையில் சாச்சி. சாச்சி என்றால் அத்தாவின் தம்பி மனைவி. கல்யாணமான சில மாதங்களில் சாச்சா வளைகுடாவுக்குப் போய்விட்டார். முதல் விடுமுறைக்கு வந்தபோது ஒரு டேப் ரிக்கார்டரும் ஓர் இஸ்திரிப் பெட்டியும் கொண்டுவந்தார். அவர் திரும்பிப் போன பிறகு அந்த இரண்டும் சாச்சியின் அறையில் இருந்தன.

அன்றைக்கு எங்கள் ஊரில் கடிதம் எழுதச் சோம்பல்படுகிறவர்கள் கேசட் அனுப்புவார்கள். விடுமுறைக்கு வருகிற யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு சாச்சி அதைப் போட்டுக் கேட்பாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் பக்கத்தில் படுத்துக்கொள்வேன். புது பிளாஸ்டிக்கின் வாடை, பொத்தானை அமுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் சாச்சாவின் சலாம். அவருக்குப் பின்னால் எப்போதும் ஏதோ ஒரு யந்திரம் இரைந்துகொண்டே இருக்கும். அறையில் சமைத்த ரொட்டி கருகியது, கூட இருக்கும் மலையாளத்துக்காரர் குறட்டை விடுவது, எல்லாம் சொல்வார். நடுவில், "இப்ப நீ சிரிக்கிறே, சிரிச்சு முடி" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருப்பார். சாச்சி அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் சிரிப்பாள். எத்தனை தடவை கேட்டாலும் அதே இடத்தில், வாயைப் பொத்திக்கொண்டு.

அந்த ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வந்த கரண்ட் பில் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

அத்தா கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடையில் ஒரு பங்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நஞ்சை. குத்தகைக்காரர்கள் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிவு செய்யும் சட்டம் வந்திருந்தது. எங்கள் வயலைச் சாகுபடி செய்தவர்கள் பெயர் ஏறிவிட்டது. அதோடு அறுப்புக் கூலித் தகராறும் சேர்ந்துகொண்டது. வரப்பில் கொடி நட்டிருந்தார்கள். ரோட்டில் போலீஸ் வேன் நின்றது. பயிர் முற்றிச் சாய்ந்துகொண்டிருக்க, எந்தப் பக்கமும் இறங்கி அறுக்கவில்லை. அவர்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அத்தா காலையில் சைக்கிளில் போய்விட்டு மத்தியானம் வேட்டியெல்லாம் புழுதியாக வந்து, யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருப்பார் என்பதுதான். வயலில் அவர் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வீட்டிலாவது ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

நடையில், தலைக்கு மேலே மீட்டர் இருந்தது. கறுப்புப் பெட்டி, கண்ணாடிக்குள் ஒரு வெள்ளித் தகடு சுழலும். அதில் சிவப்பாக ஒரு கோடு. அத்தா பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"வீட்ல புதுசா என்ன வந்திருக்கு?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அத்தா சாச்சியிடம் நேராகப் பேச மாட்டார். சாச்சியும் அவர் முன்னால் வர மாட்டாள். எல்லாம் அம்மா வழியாகத்தான் போய் வரும். போகும்போது ஒரு மாதிரி இருக்கும், வந்து சேரும்போது வேறு மாதிரி ஆகியிருக்கும்.

"மச்சான் டேப்பைக் கொஞ்சம் கம்மியா போடச் சொல்றாங்க" என்று அம்மா பின்கட்டுக்குப் போய்ச் சொன்னாள். சாச்சிக்கு அத்தா மச்சான் முறை. "அது சும்மாவா பேசுது? கரண்டைக் குடிச்சுத்தானே பேசுது."

"வெள்ளிக்கிழமை மட்டும் போட்டுக்கறேன்க்கா" என்றாள் சாச்சி உடனே.

அத்தா என்னை அழைத்தார். சாச்சி டேப் போடும்போது மீட்டர் எப்படி ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. சாச்சாவின் குரல் கேட்டதும் நடைக்கு ஓடினேன். தகடு சுற்றிக்கொண்டிருந்தது. சிவப்புக் கோடு வந்து வந்து போயிற்று. "ஓடுதுத்தா" என்றேன். டேப் நின்ற பிறகு ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கலாம். எனக்கும் தோன்றவில்லை, அத்தாவுக்கும் தோன்றவில்லை.

தை முடியும்போது அடுத்த பில் வந்தது. அது அதைவிட அதிகம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அறிவியல் டீச்சர் மின்சாரப் பாடம் எடுத்தார். ஒரு பல்பு எத்தனை வாட், எத்தனை மணி நேரம் எரிகிறது, இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். நாற்பது வாட் பல்பு இருபத்தைந்து மணி நேரம் எரிந்தால்தான் ஒரு யூனிட். இவ்வளவு எளிதா என்று எனக்கு ஆச்சரியம். வீட்டுக்கு வந்து எல்லா பல்பையும் எண்ணினேன். கூடத்து விசிறி, முன்கட்டு விசிறி, அம்மா கேட்கும் ரேடியோ. சாச்சியின் டேப் ரிக்கார்டரைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஒட்டியிருந்த தகட்டில் வாட் போட்டிருந்தது. பெருக்கிப் பார்த்தால் அது ஒரு பல்பைவிடவும் கம்மி. தினமும் போட்டாலும் ஒன்றுமே இல்லை.

"பார்த்தியா, உங்க சாச்சா பல்பைவிடச் சிக்கனம்" என்று சாச்சி சிரித்தாள்.

ஆனால் மொத்தத்தைக் கூட்டினால் பில்லில் இருந்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வந்தது. மறுபடி கூட்டினேன். விசிறிக்கு நேரத்தைக் கூட்டிப் போட்டேன். அப்படியும் நாற்பது, நாற்பத்தைந்து யூனிட் மிச்சம் நின்றது.

உங்களுக்கு நினைவிருக்கும். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் விடை இருக்கும். நாம் போட்டது ஒத்துவராவிட்டால் நடுவில் எதையாவது மாற்றி அந்த விடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவோம். எங்கள் வகுப்பில் அது எல்லோருக்கும் கைவந்த வேலை. பில் என்பது அச்சடித்த விடை. அது தப்பாக இருக்காது. அப்படியானால் தப்பு என் பக்கம். எதையோ விட்டிருக்கிறேன்.

இஸ்திரிப் பெட்டியை விட்டிருந்தேன். அதன் கைப்பிடிக்குக் கீழே எழுநூற்றைம்பது என்று இருந்தது. ஒரு மணி நேரத்தில் முக்கால் யூனிட். தினம் ஒரு மணி நேரம் என்று போட்டால் இரண்டு மாதத்துக்கு நாற்பத்தைந்து. அச்சாகப் பொருந்தியது. 'சாச்சி, இஸ்திரிப் பெட்டி, தினம் ஒரு மணி நேரம்' என்று எழுதிக் கூட்டினேன். கணக்கு முடிந்தது. எனக்கு அப்போது கிடைத்த சந்தோஷத்தை என்ன சொல்ல. சாச்சி அந்தப் பெட்டியைத் தொட்டு நான் பார்த்ததே பெருநாளன்று ஒரு தடவைதான்.

அத்தா தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். "எட்டாங்கிளாஸ் புள்ள கண்டுபிடிச்சிருச்சு" என்று அம்மாவிடம் காட்டினார். வயல் தகராறு ஆரம்பித்ததிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் பார்க்கவில்லை. என் தலையில் கை வைத்தார்.

மறுநாள் காலை சாச்சி அடுப்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து நின்றாள்.

"இஸ்திரிப் பெட்டியை எப்ப போடறே?"

"நான் எங்கக்கா போட்டேன்? பெருநாளைக்குப் போட்டதுதான்."

"கணக்கு தினம் ஒரு மணி நேரம்னு சொல்லுது."

"எந்தக் கணக்கு?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சாச்சியைப் பார்த்து, குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்: "கட்டுனவன் அங்கே கிடக்கான். இங்கே யாருக்காகத் தினமும் துணி தேய்க்கிறே?"

சாச்சியின் கை நின்றது. விரல் நுனியெல்லாம் இறால் ஓடு ஒட்டியிருந்தது. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. மிச்சமிருந்த இறாலை உரித்து முடித்து, கழுவி, மஞ்சள் தடவி மூடி வைத்துவிட்டு, தன் அறைக்குப் போனாள்.

எனக்கு அந்தக் கேள்வியின் முழு அர்த்தமும் தெரியாது. தப்பான கேள்வி என்று மட்டும் தெரிந்தது. 'நான்தான் சும்மா போட்டேன்' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அத்தா என் தலையில் வைத்த கை அப்படியே இருந்த மாதிரி இருந்தது. தேங்காயைத் துருவிக்கொண்டே இருந்தேன்.

சில நாளில் சாச்சியின் அண்ணன் வந்து அழைத்துக்கொண்டு போனார். அவளைப் பெற்ற உம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னார்கள். ஒரே ஒரு பெட்டிதான் எடுத்துக்கொண்டாள். டேப்பும் இஸ்திரிப் பெட்டியும் பீரோ மேலேயே இருந்தன.

அவள் போன பிறகு மீட்டர் பார்க்க வருபவர் வந்தார். பின்கட்டு அறை பூட்டியிருக்கிறது, பில் பாதியாக வரும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். குறையவில்லை. அத்தா அந்த மனிதரைத் திட்டினார், தப்பாகப் படித்துவிட்டார் என்று. அவர் மறுபடி ஸ்டூலில் ஏறிப் படித்துக் காட்டினார். அதே எண்தான். அம்மா முற்றத்தில் நின்று பின்கட்டுப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொல்லைப்புறக் குளியலறையில் ஓர் இரும்புக் குழாய். ஈரத்தில் நின்று அதைத் தொட்டால் விரலில் எறும்பு கடித்த மாதிரி இருக்கும். தம்பிகள் அதற்குக் 'கடிக்கிற குழாய்' என்று பெயர் வைத்திருந்தார்கள். யார் அதிக நேரம் பிடிப்பது என்று எங்களுக்குள் போட்டி. பெரியவர்களிடம் சொன்னால் விளையாட விட மாட்டார்கள் என்று சொல்லவில்லை. அந்தக் கோடையில் ஒருநாள் அம்மா நனைந்த சேலையோடு அந்தக் குழாயைப் பிடித்துவிட்டு அலறினாள். கை உதறிக்கொண்டது, நல்ல வேளை, ஒட்டிக்கொள்ளவில்லை.

அத்தா ஒயர்மேனைக் கூட்டிவந்தார். அவர் வீட்டிலிருந்த எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொன்னார். தம்பிகள் ஓடி ஓடி அணைத்தார்கள். எல்லோரும் நடைக்கு வந்து அண்ணாந்து பார்த்தோம். ஒரு பல்பு எரியவில்லை, ஒரு விசிறி ஓடவில்லை. தகடு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சிவப்புக் கோடு வந்தது, போனது, மறுபடி வந்தது.

"குளியலறைக்குப் போற ஒயரு நைஞ்சு போச்சுங்க, பாய்" என்றார் ஒயர்மேன். "செவுரு பூரா ஈரம். அது வழியா குழாய்ல இறங்கி மண்ணுக்குப் போயிட்டு இருக்கு. யாரு எரிச்சாலும் எரிக்காட்டியும் இது பாட்டுக்கு ஓடும். புள்ளைங்க பொழச்சதே பெரிசு."

"எத்தனை நாளா இருக்கும்?" என்று அத்தா கேட்டார்.

"மழைக்கு முன்னாலேருந்தே இருக்கும்."

அத்தா புதிதாக ஒயர் இழுக்கச் சொன்னார். அடுத்த பில் பாதியாக வந்தது.

அதற்குள் வேறொன்று நடந்துவிட்டிருந்தது. ஊருக்கு வந்துவிட்டு வளைகுடாவுக்குத் திரும்பிய யாரோ ஒருவர் சாச்சாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா அடுப்படியில் சொன்னது எப்படித் தெருவுக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. இஸ்திரிப் பெட்டியும் துணியும் தினமும் ஒரு மணி நேரமும், என் கணக்கு அப்படியே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. சாச்சா சாச்சிக்குக் கேசட் அனுப்புவதை நிறுத்திவிட்டார். அத்தா அவருக்குக் கடிதம் எழுதினார். ஒயர் பழுதானதையும், சரிசெய்ததையும், எவ்வளவு செலவானது என்பதையும் எழுதினார்.

"அந்தப் புள்ள மேல தப்பில்லைன்னு ஒரு வரி எழுதுங்களேன்" என்று அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"தப்புன்னு நாம எப்ப சொன்னோம்? கரண்டைப் பத்தித்தானே பேசினோம்" என்றார் அத்தா. அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பள்ளி விடுமுறையில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு சாச்சியை அழைத்துவரப் போனாள். வேளாங்கண்ணி பஸ்ஸில் போய் வழியில் இறங்க வேண்டும். கடல் காற்றில் உப்புப் பிசுபிசுப்பு. சாச்சி வாசலுக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். மெலிந்திருந்தாள். மீன் ஆணமும் சோறும் போட்டாள். அம்மா ஒயர் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள், தான் அலறியது, தம்பிகள் போட்டி போட்டது எல்லாம். சாச்சியும் சிரித்தாள். பிறகு என் இலையில் இன்னொரு துண்டு மீனை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"கணக்கு போட்டது நீதானேம்மா? ஒரு மணி நேரம்னு எப்படிப் போட்டே? நீ பார்த்தியா?"

"இல்ல சாச்சி."

"அப்புறம்?"

"மிச்சம் இருந்துச்சு சாச்சி. எங்கேயாவது போடணுமே."

சாச்சி தலையசைத்தாள், பாடம் ஒப்பித்த பிள்ளைக்கு ஆசிரியர் அசைப்பது மாதிரி. "ம். சாப்பிடு" என்றாள். முள்ளைத் தானே எடுத்துக் கொடுத்தாள்.

அவள் எங்களோடு வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் ஒருநாளும் தங்கியதில்லை. சாச்சா இரண்டு வருஷம் ஊருக்கே வரவில்லை. வந்தபோது பெரியவர்கள் உட்கார்ந்து பேசிச் சேர்த்து வைத்தார்கள். சாச்சியின் ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். இரண்டு பிள்ளைகள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் சாச்சா வீட்டில் இருக்கும்போது சாச்சி கசங்கிய சேலைதான் கட்டுவாள். கல்யாண வீடானாலும் அப்படித்தான் வருவாள். சொந்தக்காரப் பெண்கள் அதைக் கேலி செய்வார்கள். நான் அந்தப் பேச்சில் கலந்துகொண்டதில்லை. அதை மட்டும்தான் நான் செய்தேன்.

அத்தா மௌத்தாகி, அடக்கமும் ஆகிச் சில வருஷம் கழித்து அம்மா ஹஜ்ஜுக்குப் புறப்பட்டாள். உங்களுக்குத் தெரியாதது இல்லை, புறப்படும் முன் வீடு வீடாகப் போய் மாப்பு கேட்டுவிட்டுப் போவது நம் வழக்கம். "தெரிஞ்சோ தெரியாமலோ மனசு நோகிற மாதிரி நடந்திருந்தா மாப்பு பண்ணிக்கங்க" என்பார்கள். கேட்கிறவர்களும் "பண்ணிட்டோம், எங்களுக்கும் துவா செய்ங்க" என்பார்கள். அவ்வளவுதான். அம்மா பட்டியலில் கடைசியாகத்தான் சாச்சியின் ஊருக்குப் போனாள். நானும் கூடப் போனேன், என் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு.

சாச்சி எல்லோரையும் போலவே வரவேற்றாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வழக்கமான வார்த்தைகளைச் சொன்னாள்.

"எதுக்குக்கா?" என்றாள்.

அம்மா விழித்தாள். "எதுக்குன்னா... எல்லாத்துக்கும்தான்."

"எல்லாத்துக்கும்னா எனக்கு எப்படித் தெரியும்? எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பண்ணிடறேன்."

குரலில் கோபமே இல்லை. காத்திருந்தாள். உண்மையிலேயே கேட்டுவிடத்தான் காத்திருந்தாள் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவின் உதடுகள் அசைந்தன. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குழந்தையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தேன். பிறகு அம்மா சொன்னாள்:

"அந்தக் கரண்டுக்கு."

சாச்சி அம்மாவின் கையை விட்டாள்.

"கரண்டுக்குத்தானே, அதை நான் அன்னைக்கே மாப்பு பண்ணிட்டேன்க்கா. நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க" என்றாள். டீ போட எழுந்து போனாள்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வெயில் சுட்டது. ரோட்டோரத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு வந்து நிழலில் நின்ற பிறகு கேட்டாள்.

"மாப்பு பண்ணிட்டாள்ல?"

கிழவியாகியிருந்தாள் அம்மா. கப்பல் ஏற இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

"பண்ணிட்டாங்கம்மா" என்றேன்.